ஏழு கூடை சங்கரா

கடலூர் முதுநகர் ஏலக்கூடம், விடிகாலை நாலரை.
இரண்டு போன்களும் ஒரே நொடியில் பார்த்தன:
நாற்பது கூடை.
அஞ்சலாட்சி ஏழு கூட்டினாள்,
வைரக்கண்ணு மூன்று.
கடைசியாக எழுதிய கைதான் நின்றது.
நாற்பத்து மூன்று.
ஏழு கூடை சங்கரா
ஐஸோடு கரைந்துபோனது.

நிரல் என்னுடையது.
பூட்டு வைத்தேன். ஒருவர் எழுதி முடிக்கும்வரை
அடுத்தவர் வெளியே.

மறுநாள்
எழுதும்போதே எடை திருத்த வேண்டிவந்து
அதே பக்கத்தை இன்னொரு முறை திறந்தாள் அஞ்சலாட்சி.
தான் போட்ட பூட்டின்முன்
தானே நின்றாள்,
சாவி முந்தானையில்.
பின்னால் பதினோரு படகு.
"உள்ள இருக்கறவளே கதவத் தட்டுனா
யாரும்மா வந்து தொறப்பா?"

இப்போது பூட்டு முதலில் பேர் கேட்கிறது,
சொந்தக்காரி என்றால் விடுகிறது.
அந்த ஏழு கூடையை மட்டும்
அவள் என்னிடம்
இன்னும் கேட்கிறாள்.