எளிய நிலையில் விளையாடுகிறவள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
எனக்கு அவ்வளவாக ஒன்றும் தெரியாது.
இருபத்திரண்டு விளையாட்டு வாங்கியிருக்கிறேன்,
முடித்தது மூன்று.
அதிலும் ஒன்றில்
கடைசி அரக்கனை அடித்தவன் என் கொழுந்தன் போகுமில்.
நான் சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.
உலகம் காப்பாற்றப்பட்ட சத்தம் மட்டும் கேட்டது.

ஆனாலும் கருத்து இருக்கிறது.
கருத்து சொல்லக் கோப்பை ஜெயித்திருக்க வேண்டுமா என்ன?

'எளிது' என்பதை அழுத்தினால்
திரையில் ஒரு வரி வருகிறது:
"கதையை மட்டும் ரசிக்க விரும்புகிறவர்களுக்கு."
எழுதினவன் உதட்டைச் சுழித்துக்கொண்டே எழுதியிருக்கிறான்.
தம்பி, நான் விடிகாலை மூன்றே முக்காலுக்கு எழுகிறவள்.
பனி உறைந்த தண்டவாளத்தில்
முப்பது டன் இரும்பை நிறுத்துகிறவள்.
கடினம் எனக்கு வேலையிலேயே கிடைக்கிறது,
சம்பளத்தோடு.

அப்புறம் அந்தத் தண்ணீருக்கடியில் நீந்தும் கட்டங்கள்.
யார் கேட்டார்கள் இவற்றை?
மூச்சு தீர்கிறது, திசை தெரியவில்லை,
பொத்தான் எல்லாம் சோப்புப் போட்ட மாதிரி வழுக்குகிறது.
எங்கள் ஊர் வூச். படகு என்று பொருள்.
இருந்த ஆறுகளையோ
எப்போதோ தரைக்கடியில் மூடிவிட்டார்கள்.
அந்த ஊர்க்காரியிடம் வந்து நீந்து என்றால்?

மீன்பிடிப்பது வேறு.
ராஜ்யம் எரிகிறது, இளவரசி எங்கோ கூண்டில்,
நான் பதினோரு மணிநேரம் தூண்டில் போட்டிருக்கிறேன்.
ஒரு கெளுத்திகூட என்னை அவசரப்படுத்தவில்லை.
இளவரசியும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு விளையாட்டைச் சினிமாவாக்கியிருந்தார்கள்.
பணிமனை மெக்கானிக் ஸ்வாவோமிர் கூட்டிப்போனான்.
இரண்டு மணிநேரமும் என் கட்டைவிரல் பரபரத்தது.
கதாநாயகன் ஒரு பீப்பாயை உடைத்துப் பார்க்கவில்லை,
ஒரு அலமாரியைத் திறக்கவில்லை.
இவனெல்லாம் எப்படிப் பிழைப்பான் என்று திரும்பினேன்.
ஸ்வாவோமிர் அழுதுகொண்டிருந்தான்.
அதற்குப் பிறகு நாங்கள் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

சொல்ல வந்தது இதையெல்லாம் இல்லை.

போன நவம்பரில் ஒன்று பாதி விலைக்கு வந்தது.
பெரிய நகரம், மழை, கொள்ளைக் கும்பல்.
தரவிறங்கவே இரண்டு இரவு.
துப்பாக்கியோடு தெருமுனையில் நிற்கிறேன்,
"விரைந்து செல்" என்று தலைக்கு மேல் அம்புக்குறி துடிக்கிறது,
அப்போது வந்தது ஒரு டிராம்.

முகப்பு விளக்கு சரி. கதவு மூடும் மணி சரி.
வளைவில் சக்கரம் கீச்சிடுகிற ஒலியை
யாரோ ஒரு நிஜத் தெருவில் நின்று பதிந்திருக்கிறார்கள்;
எனக்குப் பல் கூசியது.
பயணிகளுக்கு முகம் இருந்தது,
ஒருத்தியின் பையில் வெங்காயத்தாள் எட்டிப்பார்த்தது.
முன்னால் ஓடிப்போய்க் கண்ணாடிக்குள் பார்த்தேன்.

ஓட்டுநர் இல்லை.
ஓட்டுநருக்கு இருக்கையே இல்லை.
சாம்பல் நிறத்தில் ஒரு சுவர்,
அவ்வளவுதான்.

கொள்ளைக் கும்பலை அப்படியே விட்டுவிட்டேன்.
ஏழு நிறுத்தம் அதன் பின்னாலேயே ஓடினேன்.
எங்கும் ஆள் மாறவில்லை.
யாரும் இறங்கி சிகரெட் பற்றவைக்கவில்லை,
கழிப்பறைக்கு ஓடவில்லை,
இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிரவில்லை.
சுரங்கப்பாதைக்குள் போன வண்டி கரைந்துபோனது.
மறுபக்கத்தில் இன்னொன்று புதிதாகப் பிறந்து வந்தது.
கதாநாயகனின் தாடியிலோ
ஒவ்வொரு மயிருக்கும் தனித்தனியாகக் காற்றடித்தது.

"அங்கே போய் யார் எட்டிப்பார்ப்பார்கள்?"
என்றான் போகுமில்.
நியாயமான கேள்விதான்.

மறுநாள் முதல் வண்டி. இருட்டு. பவூத்திப் பக்கம் ஒரு நிறுத்தம்.
தொப்பி போட்ட பையன் ஒருவன்
செல்பேசியிலிருந்து தலைதூக்கி
நேராக என் கண்ணாடியைப் பார்த்தான்.
நான் இரண்டு விரல் உயர்த்தினேன்.
தட எண்ணைத்தான் பார்த்திருப்பான்.

அந்த விளையாட்டுக்குப் பத்துக்கு ஆறு.
டிராமுக்காக ஒன்று குறைத்தேன்.
மற்ற மூன்று,
அத்தனை பெரிய துறைமுகம் வைத்துவிட்டு
மீன்பிடிக்க விடாததற்கு.