மூன்று கிலோ எண்ணூறு

பெயர் இன்னும் வைக்கவில்லை.
சீட்டில் 'வசந்தரூபியின் ஆண்பிள்ளை' என்றிருக்கிறது.
நோய்க்குத்தான் பெயர் உண்டு,
எங்கோ பனி கொட்டும் ஊரில்
அதை முதலில் கண்ட இருவருடைய பெயர்.
உலகம் முழுக்க எழுபது பிள்ளைகள், என்றது கட்டுரை.
மயக்கம் கொடுப்பதைப் பற்றி ஒரேயொரு பந்தி:
தாடை சிறிது, குழாய் இறங்காமல் போகலாம்,
கவனம்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு
விடியும்வரை சொட்டுக்கணக்குப் பார்த்தேன்.
தசமப்புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்தால்
பிறகு கணக்கே இல்லை.

மூன்றரைக்குப் பிறகு பால் குடுக்காதேங்கோ, என்றிருந்தேன்.
ஓம் என்றிருந்தாள்.
என் கைக்கு வந்தபோது
பசியில் தன் முஷ்டியைச் சூப்பிக்கொண்டிருந்தான்.
அழுதால் நீலம் பாரிப்பான்.
முகமூடியை அழுத்தாமல்
கன்னத்தோரம் காற்றை வழியவிட்டு
வாய்க்கு வந்ததைக் கதைத்தேன்,
நேற்றுச் சந்தையில் பாரை விற்ற விலையை.
கேட்டுக்கொண்டே கண் செருகினான்.

முதல்முறை குழாய் இறங்கவில்லை.
திரையின் ஓசை படிபடியாய்க் கீழே போனது.
திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.
எண்பது எந்தச் சுருதி, அறுபது எந்தச் சுருதி,
காதுக்குத் தெரியும்.
ஏசி இரைச்சலுக்கு அப்பால் பஸ் ஸ்டாண்டில் எவனோ
'பருத்துறை, பருத்துறை, வெளிக்கிடுது' என்று கத்தினான்.
இன்னும் மெல்லிய குழாய் கேட்டேன்.
இறங்கியது.
ஓசை மேலே ஏறியது.
நான் மூச்சு விட்டேன், அவனுக்குப் பிறகு.

பத்து இருபதுக்கு இதயத்தை நிறுத்தினார்கள்.
இரத்தத்தை இயந்திரம் வாங்கிக்கொண்டது.
நுரையீரலுக்கு வேலையில்லை, என் கைக்கும் இல்லை.
தைப்பவர்கள் தைத்தார்கள்.
ஐம்பத்திரண்டு நிமிடம்
அவன் உயிரோடு இருப்பதற்கு
அவன் உடம்பில் ஒரு சாட்சியும் இல்லை.

பிறகு அது தானாகவே தொடங்கியது,
கிணற்று மோட்டர்
தண்ணீரை இழுக்கமுன் விக்குவதுபோல.

வெளியே வசந்தரூபி எழுந்து நின்றாள்.
சட்டையின் முன்பக்கம் இரண்டிடத்தில் நனைந்திருந்தது.
இருக்கிறானோ என்று கேட்கவில்லை.
'பால் கேட்டவனோ?'
இன்னும் இல்லை. இண்டைக்கு நித்திரைதான், என்றேன்.
நாளைக்கும் நித்திரையாக இருக்கலாம்.
அதற்கு மேல் நான் வாக்குக் கொடுப்பதில்லை.
'அப்ப ஒரு போத்தில் தாங்கோ, டொக்டர்,' என்றாள்.
'பத்தரைக்குத் துவங்கினது.
நிக்குதில்லை.'