ஐந்தாக அறுத்த நாவல்

ஐந்நூற்று எண்பது பக்கம்.
காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில்
நூற்றிருபது சொன்னவனிடம் எண்பதுக்கு முடித்தோம்.
ஆளுக்குப் பதினாறு ரூபாய்.

யார் முதலில் படிப்பது என்ற சண்டை
வேன் முருங்கப்பாக்கம் தாண்டியும் ஓயவில்லை.
அஞ்சலாட்சி பையிலிருந்து பிளேடை எடுத்தாள்.
முதுகில் காய்ந்த கோந்து விரிசல் விட்ட சத்தத்துக்கு
டிரைவரே திரும்பிப் பார்த்தார்.

அன்றிலிருந்து
கடலூர் சிப்காட் போகும் கம்பெனி வேனில்
ஒரே வேழநங்கை
ஐந்து இருக்கையில் உட்கார்ந்து வருகிறாள்.

எனக்கு வந்தது இரண்டாம் துண்டு.
அது பாதி வாக்கியத்தில் தொடங்குகிறது:
'அறுத்துக்கொண்டு மதிலிலிருந்து குதித்தாள்.'
எதை அறுத்தாள்?
முந்தின பக்கம் சபீனாவிடம்.
கயிறா, சிலம்பா, கையில் கட்டிய கல்யாணக் காப்பா?
கேட்டால்
'நீயே யோசி' என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

தவமணியின் துண்டில் அவளுக்கு மீசை.
உப்பு வணிகனாக மூன்று நாடு சுற்றுகிறாள்,
சுங்கக்காரனிடம் பேரம் பேசுகிறாள்.
அஞ்சலாட்சியிடம்தான் காதல் இருக்கிறது.
உபதளபதிக்கு இடது தோளில் அம்பு
(எப்போதும் இடது தோள்தான்).
அவள் பிடுங்குகிறாள். அவன் பல்லைக் கடிக்கிறான்.
'அழலாம்' என்கிறாள்.
அவ்வளவுதான், ஒரு சொல்.
திரும்பி வரும்போதும் அஞ்சலாட்சி
அந்தப் பக்கத்தையே திறக்கிறாள்.
வீட்டுக்காரர் கத்திக் கேட்டிருக்கிறாள்,
அழுது பார்த்ததில்லை.

பெண்ணையாற்றுப் பாலத்தில் எல்லாத் தலையும் நிமிரும்.
புத்தகத்தில் இரு கரையும் முட்டிய வெள்ளம்,
குதிரையின் காதுகள் மட்டும் தெரிய
அவள் கடந்தது இதைத்தான்.
கீழே மணல். நாணல். ஒரு டிராக்டர்.
நாங்கள் அரை நிமிடத்தில் கடக்கிறோம்
தயிர்சாதத்தோடு, அடையாள அட்டையோடு.

என் தம்பி வரலாறு படித்தவன்.
'அப்படி ஒருத்தி இருந்திருக்கவே முடியாது,
கல்வெட்டு இருக்கா?' என்றான்.
எங்கள் ஐந்து பேருக்கும்தான் கல்வெட்டு இல்லை.
வருகைப் பதிவேட்டில் நம்பர் இருக்கிறது,
எனக்கு 0417.

பிறகு அந்தப் புதன்கிழமை.
ஓவர்டைம் கணக்கு என்று சூப்பர்வைசர் நீட்டிய தாளில்
பாதி இடம் காலி.
'சீக்கிரம் போடும்மா கையெழுத்து.'
தலையில் வலைத்தொப்பி, கையில் உறை,
தவமணி அசையாமல் சொன்னாள்:
'முழுதும் வாசியாத ஓலையில்
யாம் முத்திரை பதிப்பதில்லை.'

மாத்திரை அட்டை ஓடும் பெல்ட்டைத் தவிர
எல்லாம் நின்றது.
முதலில் சபீனா சிரித்தாள்,
முகக்கவசத்துக்குள் சிரிப்பது தோளில் தெரியும்.
அவர் தாளை மடித்துக்கொண்டு போனார்.
பெரிய வெற்றி எதுவும் இல்லை,
வெள்ளிக்கிழமை வேறு தாளோடு வந்தார்.
அதில் காலி இடம் கொஞ்சம் குறைந்திருந்தது.
நாங்களும் ஐந்து பேராய் நின்றுதான் வாசித்தோம்.

கடைசித் துண்டு பெர்னதெத்திடம்.
அதிகம் பேசாதவள்.
போன தை மாதம்தான் கழுத்தில் தாலி ஏறியது.
அதை அவள் நான்கு தடவை படித்துவிட்டாள்,
கைமாற்றத்தான் மனசு வரவில்லை.

நேற்று தவளக்குப்பம் சிக்னலில் பொறுக்க முடியாமல்
அஞ்சலாட்சி கேட்டேவிட்டாள்:
'அதை மட்டும் சொல்லுடி,
கல்யாணம் ஆகுதா இல்லையா அவளுக்கு?'

பெர்னதெத் விரலை நடுவில் வைத்துத் துண்டை மூடினாள்.
'ஆகுது' என்றாள்.
வேன் கிளம்பியது.
'அதுக்கப்புறமும் முப்பது பக்கம் இருக்கு.'