ஸ்கிரீன்ஷாட்டில் கோடு இல்லை

கார்டு வந்தது வெள்ளிக்கிழமை,
கொழும்பு பஸ்ஸில், என் மடியில்.
கினிகத்தேனை வளைவுகளில் எல்லாம்
பிள்ளைத்தாச்சி வயிற்றைப் பிடிப்பதுபோல்
இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.
ஒரு இலட்சத்து இருபத்தெட்டாயிரம்.
பாதி சீட்டுக்காசு,
மீதி, இன்னும் எடிட் பண்ணாத மூன்று கல்யாணம்.

தலவாக்கலை பஸார், பார்மசிக்கு மேல்மாடி.
பழையதை உருவி, புதியதைச் செருகி,
'டக்' என்ற சத்தம் கேட்டபின் சுவிட்சைப் போட்டால்
மணப்பெண்ணின் நெற்றியில் பச்சைக் கோடு.
பிறகு இரண்டு. பிறகு மழை.
மாப்பிள்ளையின் காதோரம் ஊதாக் கட்டங்கள்,
யாரோ தாயம் விளையாட வரைந்த மாதிரி.

விற்ற பையன் நிஷாந்த ஃபோனில் சொன்னான்:
"அக்கா, டிரைவர் கழட்டுங்க. முழுசா.
பழசு மிச்சம் இருந்தா புதுசு ஓடாது."
எங்கள் வீட்டிலும் ஒரு டிரைவர்,
கொழுந்து லொறிக்காரர்,
வேலை விட்டு இரண்டு வருஷம்.
டீவி பார்க்கும்போதும் வலது கால் பிரேக் தேடும்.
மிச்சமில்லாமல் கழற்றுவது
அத்தனை லேசில்லை நிஷாந்த.
சேஃப் மோடில் போய்க் கழற்றினேன்.
கோடு போகவில்லை.

சனிக்கிழமை கரண்ட் மேல் சந்தேகம்.
ஸ்டோரில் ரோலர் சுத்தத் தொடங்கினால்
இந்தத் தெருவே கொஞ்சம் மங்கும்.
மீட்டரைக் குத்திவிட்டுக் காத்திருந்தேன்.
229. 226. 219.
எண்தான் இறங்கியது.
கோடு அதன் பாட்டில் நின்றது.

ஞாயிறு, பனி மேல்.
கதவைக் கேட்காமல் உள்ளே வருவது அதுதானே.
கார்டின் தங்கப் பற்களை
அண்ணன் மகனின் அழிறப்பரால் தேய்த்தேன்,
தலை காயவைக்கும் மெஷினால் ஊதினேன்.
ஃபேன் சந்தோஷமாகச் சுற்றியது.
கோடு.

நடுவில் யசோதினியின் ஃபோன், வட்டகொடையிலிருந்து:
"வீடியோ எப்ப அக்கா? அவர் புதன்கிழமை கட்டாருக்குப் போறார்."
நாளைக்கு, என்றேன்.
நாளைக்கு என்பது
எல்லா மெஷினிலும் வேலை செய்யும் ஒரு சொல்.

கார்டைத் திருப்பி அனுப்ப ஆதாரம் வேண்டுமே.
ஸ்கிரீன்ஷாட் எடுத்து நிஷாந்தவுக்குப் போட்டேன்.
"எங்க அக்கா கோடு? நல்லா இருக்கே."
என் ஃபோனில் பார்த்தேன்:
நெற்றி துப்புரவாக, பொட்டு வட்டமாக.
நிமிர்ந்து பார்த்தேன்: மழை.

படம் முழுசாகத்தான் இருந்திருக்கிறது.
உடைந்தது வழி.
மண் சரிந்த நாளில்
கொழும்பும் இருக்கும், தலவாக்கலையும் இருக்கும்,
பஸ்தான் வராது.

மேசைக்கு அடியில் குனிந்தேன்.
தேர் நேரம் நடைபாதையில் வாங்கிய கேபிள்,
அறுநூற்றைம்பது ரூபாய்,
மேசைக் காலுக்கு அடியில் கழுத்து நெரிந்து கிடந்தது.
மூன்று நாளாக என் கால் அதன் மேல்தான்.

கீழே ஃபாரூக் நானாவிடம் கெஞ்சி
சிசிடிவி கேபிளைக் கடன் வாங்கிச் செருகினேன்.
மழை விட்டது.

அப்போதுதான் தெரிந்தது,
தாலி கட்டும் நேரம், யசோதினிக்குப் பின்னால்
அவள் அப்பா சிரித்துக்கொண்டு நிற்பது.
புதுச் சட்டை. காலரில்
கழற்ற மறந்த விலைச்சீட்டு,
2490 வரை வாசிக்கலாம், அத்தனை தெளிவு.
புதுக் கார்டு இதற்குத்தான் போல.

இருநூற்றுப் பன்னிரண்டு பிரேம்.
ஒவ்வொன்றாக அழிக்கலாம்.
எட்டு பிரேம் அழித்தபின் கை நின்றது,
ஃபோன் எடுத்துக் கேட்டேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை,
பிறகு சிரிப்பு:
"விடுங்க அக்கா. அந்த விலைய
அவரே எல்லாருக்கும் சொல்லிக்கிட்டுத்தான் திரிஞ்சார்."
அழித்த எட்டையும் திரும்பக் கொண்டுவந்தேன்.

எக்ஸ்போர்ட் எழுபத்தொரு வீதம்.
கீழேயிருந்து ஃபாரூக் நானா கத்துகிறார்:
"புள்ள, கேபிள்!
இப்ப என் கடையில எவன் எதத் தூக்கினாலும்
உன் கணக்கு!"