அறுபத்தொரு நாள்

படகுகளைக் கட்டிப்போட்ட மறுநாள்
மண்டபம் ஐஸ் பிளாண்டில் சத்தம் நின்றது.
பேரேட்டில் எழுத ஒன்றுமில்லை,
மின்கட்டணம்,
கசிந்த அமோனியா வால்வுக்கு வாஷர் ஒன்று.
மிச்சப் பக்கமெல்லாம் வெள்ளை.
அந்த வெள்ளையில்தான் வரைந்து பழகினேன்
தவளையின் இதயத்தை, மூன்று அறையோடு.

ஏப்ரல் பாதியில் மீனுக்கு விடுப்பு,
மே முதல் ஞாயிறு எனக்குப் பரீட்சை.
தெரிந்தவர் இரண்டு பேர்:
இன்னாசி,
அப்புறம் பக்கத்து வீட்டுப் பையன்,
பழைய கைடுகளை
எடைக்குப் போடும் விலைக்கே எனக்குத் தந்தவன்.

ஊருக்குத் தெரிந்தபிறகு
ஆளுக்கொரு பதில் வைத்திருந்தேன்.
முதலாளிக்கு: சின்ன வயசு ஆசை சார்.
பங்குச்சாமிக்கு: சேவை, ஃபாதர்.
மாமியாருக்கு: கவர்மென்ட் காலேஜ், ஃபீஸ் கொஞ்சந்தான்.
ஒன்றும் முழுப் பொய்யில்லை.
கணக்கில் நூறு பார் என்று எழுதி
படகுக்குப் போய்ச் சேர்வதற்குள் உருகுமே,
அதுபோல ஏதோ குறைந்திருந்தது.

நிஜம் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது.
களஞ்சியம், லோடுமேன்,
பதினெட்டு வருஷம் பார் தூக்கியவர்.
ஒரு புதன்கிழமை கூலிச் சீட்டில் கையெழுத்துப் போட
பேனாவைப் பிடித்தார். விழுந்தது.
பிடித்தார். விழுந்தது.
"மரத்துப் போச்சும்மா" என்றார்
யாருடைய கையைப் பற்றியோ சொல்வதுபோல.
விடுப்புக்கான காரணம் என்ற கட்டத்தில்
நானே எழுதினேன்: கை மரத்துப் போனது.
எழுதியபின் பக்கத்தைத் திருப்ப முடியவில்லை.
எப்படி மரமாகும் ஒரு கை?
எங்கே தொடங்கும்,
விரலிலா, முழங்கையிலா, கழுத்திலா?
பிளஸ் டூவில் பயாலஜி, அப்புறம் கிடைத்தது பி.காம்.
இரண்டிலும் அது இல்லை.

ராமநாதபுரத்தில் முதல் தடவை
பரீட்சை வாசலில் காவலர் சொன்னார்,
"பேரன்ட்ஸ் எல்லாம் வேப்பமரத்துக்கிட்ட நில்லுங்க."
போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.
நிழல் நன்றாகத்தான் இருந்தது.
பிறகு ஹால் டிக்கெட்டைக் காட்டினேன்.
மெட்டி கழறவில்லை;
எனக்குப் பின்னால் நின்ற பதினேழு வயசு
பையிலிருந்து தேங்காயெண்ணெய் பாட்டிலை நீட்டியது.
"ஆல் த பெஸ்ட் ஆன்ட்டி."

இருநூற்று நாற்பது.
அடுத்த வருஷம் அதற்கும் குறைவு.
அன்றைக்கு இன்னாசி
நாட்டுப்படகில் கடனுக்கு வாங்கிய சுறாவைப் புட்டு வைத்தான்.
உப்பு அதிகம்.
"அடுத்த வருசமும் தடை வரும்ல" என்றான்,
தட்டைக் கழுவப் போனான்.

நாலாவது தடையில் கிடைத்தது,
கடைசிச் சுற்றில், அதே ராமநாதபுரத்தில்.
எனக்கு முப்பத்துநாலு.

உடற்கூறு அறையில் முதல் நாள்
ஃபார்மலின் கண்ணைக் கரித்தது.
பிள்ளைகள் துப்பட்டாவை மூக்கில் வைத்து வெளியே ஓடினார்கள்.
அமோனியா பழகிய மூக்கு, நின்றேன்.
தைரியம் என்று நினைத்துக்கொண்டார்கள்.
மூன்றாம் வாரம் முழங்கையைத் திறந்தோம்.
எலும்பு மேட்டுக்குப் பின்னால்
நண்டு வலைக் கயிற்றின் தடிமனில்
வெள்ளையாய் ஒரு நரம்பு.
தோலுக்கு இவ்வளவு பக்கத்திலா?
பார் வைத்துத் தூக்குகிற அதே மடிப்பில்?
பேராசிரியர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.
நான் போகவில்லை.

சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி
நேரே பிளாண்டுக்குப் போனேன்.
களஞ்சியம் இப்போது வாசல் காவல்.
கேட்காமலே கையைப் பிடித்து
முழங்கைக்குப் பின்னால் அழுத்தினேன்.
"அங்க தொட்டா சுண்டுவெரல்ல சுள்ளுங்குது,
எப்படிக் கண்டுபிடிச்ச?"
"பெரிய டாக்டர்கிட்ட காட்டணும். நானே கூட்டிப் போறேன்."
"நீ பாக்க மாட்டியா?"
"எனக்கு இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு."

"அஞ்சு தடை" என்று
விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.
மூன்றுக்கு மேல் நிமிரவில்லை.
மிச்ச இரண்டை
என் கையில் எண்ணினேன்.