பதினேழாவது கேள்வி

சனிக்கிழமை சோதினை.
முப்பது கேள்வி. இருபத்துநாலு சரியெண்டால்
செம்மஞ்சள் கைப்பட்டி,
சம்பளத்தோட மாசம் ஆயிரத்தைஞ்நூறு.
போன முறை எனக்கு இருபத்துமூண்டு.

கையேட்டை ஆரோ கொழும்பில மொழிபெயர்த்திருக்கினம்.
'தீயைக் கண்டதும் சாவதானமாக நடந்துகொள்ளவும்.'
சாவதுதான் எண்டால் பிறகேன் நடப்பான்
எண்டு யசோமதி கேட்டாள்.
தையல் மெசினில நெத்தி முட்டுமட்டும் சிரிச்சம்.
சுப்பவைசர் திரும்ப,
ஊசிக் காப்புப் பூட்டியிருக்கோ எண்டு
பார்க்கிற மாதிரிக் குனிஞ்சாள்.

நிறங்களை என்ரபாட்டில பாடமாக்கினன்.
சிவப்பு, தண்ணி. துணிக்கும் கடதாசிக்கும்.
வெண்மஞ்சள், நுரை. எண்ணெய்க்கு.
முதற்பால் விட்ட சொதியெண்டு மனசில வைச்சிருக்கிறன்.
நீலம், தூள்.
கறுப்பு கரண்டுக்கு.
கரண்ட் நிண்டால் வாற நிறம்.

குசினிச் சுவரில ரெண்டு பக்கம் ஒட்டியிருக்கு,
மூலையில மீன் பொரிச்ச எண்ணெய்.
மகன் எட்டாம் வகுப்பு. கேள்வி கேட்கிறதில
வாத்திமாரை விட மோசம்.
'பாரம் தூக்கேக்க வளைய வேண்டியது?'
முழங்கால்.
'போன கிழமை முதுகெண்டு சொன்னனீங்கள்.'
போன கிழமை ஓவர்டைம், களைச்சுப்போனன்.

பதினேழாவது கேள்வி.
எச்சரிக்கை மணி ஒலித்தால்
எடுத்துச் செல்ல வேண்டியது எது?
அ. கைப்பை
ஆ. அடையாள அட்டை
இ. குடிநீர்
ஈ. எதுவும் இல்லை
போன முறை 'ஆ'வுக்குப் புள்ளடி போட்டன்.
யோசிக்கவேயில்லை, கை தானாப் போச்சு.
யசோமதியும் 'ஆ'.
மல்லாவிப் பெட்டை 'இ'.
எங்கட லைனில ஒருத்தரும் 'ஈ' போடேல்லை.
வகுப்பெடுத்த தம்பி கண்டிப் பக்கம், நல்ல பிள்ளை.
வெள்ளைப் பலகையில பெரிசா எழுதினார்:
பொருளுக்காக உயிரை விடக்கூடாது.
'அக்கா, கார்டுதானே, மறுபடி எடுத்துக்கலாமே.'
ஓமெண்டம்.
நாப்பது பேரும் ஒரே குரலில.
இந்த முறை 'ஈ' போடுவன்.
அட்டை வழமைபோல பொலித்தீனில சுத்தி
சட்டைக்குள்ள இருக்கும்.
அதைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

முப்பத்தோராம் பக்கத்தை
மகன் நித்திரையான பிறகுதான் எடுக்கிறன்.
ஒன்றுகூடும் இடம்.
பாலை மரத்துக்குக் கீழ,
சைக்கிள் விடுற கொட்டிலுக்குப் பக்கத்தில, பச்சைப் பலகை.
கைப்பட்டி அணிந்தவர் தலைகளை எண்ண வேண்டும்.
வரவுப் பதிவோடு ஒப்பிட வேண்டும்.
ஒருவர் குறைந்தாலும் உடன் அறிவிக்க வேண்டும்.
ஆருக்கெண்டும் போட்டிருக்கு,
பேரோட, தொலைபேசி இலக்கத்தோட.
தேடி முடியும்வரை பதிவை மூடக்கூடாது.
இந்தப் பக்கத்தில எனக்கொரு பிழையும் வாறதில்லை.
அந்த இலக்கம்கூடப் பாடம்.
அது சோதினைக்கு வராது.

வெள்ளி பின்னேரம் பஸ்ஸில எண்ணிப் பழகினன்.
வெளிக்கிடேக்க டிரைவரோட ஐம்பத்தாறு.
முறிகண்டியில நிப்பாட்ட
கச்சான் வாங்க இறங்கினது ஏழு பேர்,
முன்கதவால ஏறினது ஆறு.
'பொறுங்கோ, ஓராள் குறையுது' எண்டு கத்திப்போட்டன்.
எல்லாரும் திரும்பிப் பார்த்தால்
யசோமதி பின்கதவால ஏறி
ஜன்னலோரம் கச்சான் உடைக்கிறாள்.
அக்கா பாஸ் பண்ண முன்னமே தொடங்கிட்டா
எண்டார் டிரைவர்.
பஸ் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரிச்சன்தான்.
சிரிச்சுக்கொண்டே இன்னொருக்கா எண்ணினன்.

கொக்காவிலில மூண்டு பேர் இறங்கிச்சினம்.
பனிக்கன்குளத்தில பதினொராள்.
மாங்குளத்தில என்னோட ஒன்பது.
பஸ் சந்தி தாண்டிப் போகுது,
மிச்சம் முப்பத்துமூண்டு.
சரியா இருக்கு.
ஆருக்காவது அறிவிக்கோணும் போல இருந்தது.