பன்னிரண்டு டாலர்

டுலூத் நகரில் ஜனவரி.
ஏரிக்காற்று காரின் கதவைப் பிடுங்குகிறது.
வெர்னா லிண்ட்குவிஸ்ட்
பர்கர் கடைக்குள் நுழைகிறாள், பசியில்லாமல்.

பைக்குள் நொடிகளை எண்ணுகிறது கைப்பேசி.
பதினோராவது நொடியில் வரவேற்பு.
பெயர்ப்பட்டை: ஓனா.
கழிவறையில் கை துடைக்கும் காகிதம் இருந்தது,
கண்ணாடியில் யாருடைய விரலோ இருந்தது.
"மூக்கே சிவந்துவிட்டதே உங்களுக்கு" என்று
கேட்காமலே ஒரு கோப்பை வெந்நீர் நீட்டினாள் ஓனா.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
இனிப்பு வேண்டுமா என்று கேட்டாளா?
அதற்கு இருந்தது.
கேட்கவில்லை.

இரவு, சமையலறை மேசை.
கூலி பன்னிரண்டு டாலர். பெட்ரோல் நாலு.
நாற்பத்தேழு கேள்விகள், ஒன்றரை மணி நேரம்.
பர்கர் இலவசம்; பாதியை நாய் தின்றது.
பணம் கைக்கு வர அறுபது நாள்.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்
என்று சொல்ல அவள் பாஷையில் வழியில்லை.
ரசீதின் பின்புறம் கூட்டிக் கழித்துப் பார்க்கிறாள்,
இரண்டு தரம்.

'இல்லை' என்ற கட்டத்தின்மேல்
விரல் வெகுநேரம் நின்றது.
அழுத்தினாள்.
பிறகு குறிப்புகள் பகுதியில்
காற்றிலிருந்து தொடங்கி எழுதிக்கொண்டு போனாள்.
முந்நூறு எழுத்துதான் அனுமதி.
'வெந்நீ' என்பதோடு நின்றுவிட்டது.

திங்கள் காலை, மருந்துக்கடைக் கல்லாவில்
தன் பெயர்ப்பட்டையைக் குத்திக்கொள்கிறாள்.
கம்பளித் தொப்பிக்காரர் ஒருவர்
இருமல் மருந்தோடு வருகிறார்,
கடிகாரத்தை ஒருமுறை பார்க்கிறார்.

எல்லாப் பற்களும் தெரியச் சிரிக்கிறாள் வெர்னா.
"வேறேதாவது வேண்டுமா?"
இருமுறை கேட்கிறாள்.